டூட்டி லிஸ்ட்டை யார் மாற்றுவது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் மார்பகப் புற்றுநோய் பற்றி வந்த பக்கத்தைப் படித்தேன். இரவு பத்து மணிக்குள் படுத்துவிடுங்கள், செல்போனைத் தள்ளி வையுங்கள், உடலுக்குள் ஓடும் கடிகாரம் கெட்டால் புற்றுநோய் வரும் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் பழைய வார்டு வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்ட ஒரு பெண், "அக்கா, நைட் டூட்டியில உக்காந்துதான் இதைப் படிக்கிறேன், இப்போ நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டிருந்தாள்.

நான் ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ். கடைசிப் பல வருடங்கள் கீமோ வார்டில்தான் வேலை. அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்து அது உங்களுக்கான கடிதமாக நீண்டுவிட்டது, வேண்டாததை வெட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் போட்டது பொய் என்று சொல்ல வரவில்லை. ஆனால் படிக்கிறவர்களைப் பயமுறுத்திவிட்டு, தீர்வையும் அவர்கள் படுக்கையறையிலேயே தேடச் சொல்லிவிட்டீர்கள். பத்து மணிக்குப் படுக்கிற வசதி யாருக்கு இருக்கிறதோ அவர்களுக்கு இந்தப் பிரச்சினையே பெரும்பாலும் இல்லை.

முதலில் விஷயத்தின் அளவைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். பிரான்சின் லியோன் நகரில் இருக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை (உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்தது) உடலின் அன்றாடத் தாளத்தைக் குலைக்கும் ஷிப்ட் வேலையை 2007-ல் '2ஏ' பிரிவில் வைத்தது. 2019-ல் மறுபடி கூடிப் பார்த்துவிட்டு, இந்த முறை 'இரவு ஷிப்ட் வேலை' என்று நேராகவே பெயர் வைத்து, அதே பிரிவில் நிறுத்தியது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று பெரும்பாலும் நம்ப இடமுள்ளவை எல்லாம் 2ஏ. புகையிலை இருப்பது அதற்கு மேலே, முதல் பிரிவில். ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி 2ஏ. 65 டிகிரிக்கு மேல் சுடச்சுடக் குடிக்கும் எதுவும் 2ஏ. ஆதாரம் எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பதற்குத்தான் இந்தப் பிரிவுகள். ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அவை அளப்பதில்லை. வாட்ஸ்அப்பில் "நைட் டூட்டியும் சிகரெட்டும் ஒண்ணு" என்று சுற்றுகிறதே, அது இந்த வித்தியாசம் புரியாமல் எழுதியது.

ஆதாரத்தைக் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் நர்ஸ்கள்தான், இதை நான் கொஞ்சம் கர்வத்தோடு சொல்கிறேன். அமெரிக்காவில் 1976-ல் தொடங்கி ஆயிரக்கணக்கான நர்ஸ்களை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. மாதத்துக்கு மூன்று இரவாவது ஷிப்ட் மாறி மாறி 30 வருடத்துக்கு மேல் பார்த்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு மற்றவர்களைவிட 36 சதவீதம் கூடுதல் என்று 2001-ல் அதிலிருந்து வெளியிட்டார்கள். சரி, முடிந்தது கதை என்று நினைத்தால் முடியவில்லை. 2016-ல் பிரிட்டனில் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் தங்கள் நாட்டின் சுமார் 8 லட்சம் பெண்களின் விவரத்தைப் பார்த்து, அதோடு பழைய ஆய்வுகளையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, இரவு வேலையால் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை, 20, 30 வருடம் பார்த்தவர்களுக்கும் கூடவில்லை என்றார்கள். உடனே எதிர்ப்பு கிளம்பியது: நீங்கள் கேட்டது பெரும்பாலும் வேலையை விட்டுப் பல காலம் ஆன வயதான பெண்களிடம், இளவயதில் இரவு வேலை பார்த்தவர்களுக்கு அந்தச் சமயத்தில் என்ன ஆனது என்பது இதில் தெரியாது என்று. அமெரிக்க நர்ஸ்களையே இன்னும் பல வருடம் தொடர்ந்து பார்த்தபோது, மூத்த தலைமுறையில் ஓய்வுக்குப் பிறகு அந்த வித்தியாசம் தென்படவில்லை, ஆனால் இளவயதிலேயே 20 வருடத்துக்கு மேல் நைட் பார்த்துவிட்டவர்களிடம் தென்பட்டது. என் வாசிப்பில் இதற்கு அர்த்தம் இதுதான்: ஒரு வாரம், ஒரு வருடம் நைட் பார்த்ததற்கெல்லாம் பயப்பட ஒன்றும் இல்லை. இளவயதில், நிறைய இரவு, நிறைய வருடம், இந்த மூன்றும் சேர்கிற இடத்தில்தான் கேள்வி இருக்கிறது.

ஏன் இப்படி ஆக வேண்டும் என்பதை உங்கள் பக்கம் "மெலடோனின் குறையும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. மெலடோனின் இருட்டில் சுரக்கும் ஹார்மோன், வெளிச்சம் பட்டால் குறையும், அது உண்மைதான். ஆனால் கதை அதைவிடப் பெரிது. கண் நரம்புகள் குறுக்காகச் சேரும் இடத்துக்குச் சற்று மேலே மூளையில் சுமார் 20,000 செல்கள் கொண்ட ஒரு சிறு திட்டு இருக்கிறது, அதுதான் தலைமைக் கடிகாரம், வெளிச்சத்தைப் பார்த்து நேரத்தைத் திருத்திக்கொள்ளும். அதைத் தவிரக் கல்லீரல், குடல், மார்பகம் என்று உடலின் செல்கள் ஏறக்குறைய ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கடிகாரம் ஓடுகிறது. இந்தக் கடிகாரம் எந்த மரபணுக்களால் ஓடுகிறது என்று பழ ஈக்களில் கண்டுபிடித்த மூன்று அமெரிக்கர்களுக்குத்தான் 2017 மருத்துவ நோபல். செல் எப்போது பிரிய வேண்டும், டி.என்.ஏ.வில் விழுந்த சேதத்தை எப்போது சரிபார்க்க வேண்டும் என்பதிலும் இந்தக் கடிகாரத்துக்குப் பங்கு உண்டு. நைட் டூட்டியில் நடப்பது என்னவென்றால், வெளிச்சம் ஒரு நேரம் சொல்கிறது, இரவு இரண்டு மணிக்குச் சாப்பிட்ட புரோட்டா கல்லீரலுக்கு வேறொரு நேரம் சொல்கிறது. வார்டில் ஒரு ஷிப்ட் ஹேண்ட் ஓவர் கொடுக்காமலே போய், அடுத்த ஷிப்ட் பாதிப் பேர் மட்டும் வந்தால் எப்படியோ, அப்படி.

இதற்கு எனக்குப் பிடித்த சோதனை அஸீஸ் சான்ஜார் குழுவுடையது. டி.என்.ஏ. தன்னைச் சரிசெய்துகொள்ளும் விதத்தை ஆராய்ந்ததற்காக 2015-ல் வேதியியல் நோபல் பெற்றவர், துருக்கியில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்ப்பவர். எலிகளில் ஒரு கூட்டத்துக்கு அதிகாலை 4 மணிக்கும் இன்னொரு கூட்டத்துக்கு மாலை 4 மணிக்கும் ஒரே அளவு புற ஊதாக் கதிரைக் காட்டினார்கள். அதிகாலைக் கூட்டத்துக்குத் தோல் புற்றுநோய் ஐந்து மடங்கு கூடுதலாக வந்தது. சேதத்தைச் சரிசெய்யும் புரதம் அந்த நேரத்தில் எலிக்குக் குறைவாக இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். எலி இரவில் ஓடுகிற பிராணி, ஆகவே மனிதருக்கு இந்த நேரக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் சேதம் எவ்வளவு என்பதோடு எத்தனை மணிக்கு என்பதும் முக்கியம் என்று இவ்வளவு பளிச்சென்று காட்டிய சோதனை எனக்குத் தெரிந்து வேறில்லை.

அப்புறம் சிகிச்சை நேரம். இதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் நோயாளிகள் கேட்கிறார்கள், அதனால் சொல்கிறேன். பாரிஸ் பக்கம் ஃபிரான்சிஸ் லெவி என்ற மருத்துவர் குடல் புற்றுநோய் மருந்துகளை உடலின் நேரத்துக்கு ஏற்ப, ஒன்று மாலை நான்கு மணி வாக்கில் உச்சத்துக்கு வரும்படி, இன்னொன்று அதிகாலை நான்கு மணி வாக்கில் வரும்படி, பம்ப் வைத்துக் கொடுத்துப் பார்த்தார். 1997-ல் வெளிவந்த முடிவில், நாள் முழுக்க ஒரே சீராக மருந்து ஏறியவர்களில் 76 சதவீதம் பேருக்குக் கடுமையான வாய்ப்புண், நேரம் பார்த்துக் கொடுத்தவர்களில் 14 சதவீதம் பேருக்கு. கீமோ வாய்ப்புண்ணோடு ஒரு வாய் மோர்கூட விழுங்க முடியாமல் அழுகிறவர்களைப் பார்த்தவர்களுக்குத்தான் இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கும் தூரம் தெரியும். ஆனால் 2006-ல் 564 பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வில் மொத்தத்தில் ஆயுள் கூடவில்லை, ஆண்களுக்கு நன்மை, பெண்களுக்குப் பாதகம் என்று வந்து எல்லோரையும் குழப்பியது. இப்போது இம்யூனோதெரபியில் (உடலின் எதிர்ப்புச் சக்தியையே புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டிவிடும் சிகிச்சை) அதே கேள்வி திரும்ப வந்திருக்கிறது. சீனாவில் 210 நுரையீரல் புற்றுநோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, முதல் சில தவணைகளை ஒரு பாதிக்குப் பிற்பகல் 3 மணிக்கு முன்பும் மறு பாதிக்கு அதற்குப் பிறகும் ஏற்றினார்கள். நோய் முற்றாமல் இருந்த காலம் முதல் பிரிவில் 11.3 மாதம், இரண்டாவதில் 5.7 மாதம். 2025-ல் வெளியான இந்தச் செய்தியைப் படித்துவிட்டுக் காலையிலேயே ஊசி போடுங்கள் என்று கேட்டால் அதில் தப்பில்லை, கேளுங்கள். ஆனால் நம் ஊர் டே கேர் வார்டில் மருந்து ஏறும் நேரத்தைத் தீர்மானிப்பது ரத்தப் பரிசோதனை ரிசல்ட், காலியாகும் கட்டில், ஊரிலிருந்து வரும் பஸ், இந்த மூன்றும்தான். காலை நேரம் கிடைக்கவில்லை என்பதற்காக ஒரு தவணையைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று. சுவிட்சர்லாந்தில் 30 மார்பகப் புற்றுநோய்ப் பெண்களிடம் அதிகாலை 4 மணிக்கும் காலை 10 மணிக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்ததில், ரத்தத்தில் சுற்றும் புற்றுச் செல்கள் தூக்க நேரத்தில்தான் அதிகம் இருந்தன என்று 2022-ல் சொன்னார்கள். இதை வைத்து "தூங்கும்போதுதான் கேன்சர் பரவுது" என்று தலைப்பு போட்டால், பாவம், ஏற்கெனவே தூக்கம் வராத நோயாளி இன்னும் விழித்துக் கிடப்பார். செல்கள் எந்த நேரத்தில் அதிகம் கழன்று வருகின்றன என்பதைத்தான் அது சொல்கிறது. தூங்காதீர்கள் என்று எங்கேயும் சொல்லவில்லை.

சரி, நான் சொல்ல வந்ததுக்கு வருகிறேன். டென்மார்க்கில் இந்தப் பிரச்சினையைத் தூக்கப் பிரச்சினையாகப் பார்க்கவில்லை, வேலைப் பிரச்சினையாகப் பார்த்தார்கள். சர்வதேச முகமையின் 2007 அறிவிப்பு வந்த கொஞ்ச காலத்திலேயே, பல வருடம் வாரத்துக்கு ஒரு இரவாவது வேலை பார்த்து, குடும்பத்தில் வேறு யாருக்கும் மார்பகப் புற்றுநோய் இல்லாத பெண்கள் சிலருக்கு அங்கே தொழில்சார் நோய் என்று இழப்பீடு கொடுத்தார்கள். நாற்பது பேருக்குள்தான், ஆனால் கொடுத்தார்கள். அதற்கு முன்பே 2001-ல் ஒரு டேனிஷ் ஆய்வு, மார்பகப் புற்றுநோய் வந்த சுமார் 7,000 பெண்களின் வேலை வரலாற்றை எடுத்து ஆராய்ந்தது. எங்கிருந்து எடுத்தார்கள்? அரசு ஓய்வூதிய நிதியின் பதிவேட்டிலிருந்து. யார் எந்தத் துறையில் எந்த வருடம் வேலை பார்த்தார் என்று அதில் இருந்தது.

நம்மிடம் அப்படி என்ன இருக்கிறது? சென்னையில் 1980களிலிருந்தே புற்றுநோய்ப் பதிவேடு இருக்கிறது, அது நாட்டின் பழைய பதிவேடுகளில் ஒன்று, பெருமைப்பட வேண்டிய விஷயம். பி.எஃப். எண் இருக்கிறது. ஆனால் கேஸ் ஷீட்டில் புகை, மது, மாதவிடாய், பிரசவம், தாய்ப்பால் எல்லாம் கேட்டு எழுதுகிற நாங்கள், "எத்தனை வருஷம் நைட் பார்த்தீங்க?" என்று கேட்டு எழுதியதில்லை. நான் வேலை பார்த்த எந்த இடத்திலும் அதற்கு ஒரு கட்டம் இருந்ததில்லை. மில்லில் வேலை செய்த பெண்ணாக இருந்தால் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். மூன்றாம் ஷிப்ட்டில் பத்து வருடம் நின்றவளும் அதே 'கூலி'தான்.

இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், இரவு வேலைக்கு வரும் பெண்கள் இனி கூடத்தான் போகிறார்கள். பெண்களைக் காலை 6 முதல் இரவு 7 வரைதான் வேலை வாங்கலாம் என்ற தொழிற்சாலைச் சட்டத்தின் 66-வது பிரிவை 2000-லேயே சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பும் சம்மதம் இருந்தால் சரி என்கிறது. ஆஸ்பத்திரி ஃபேக்டரி இல்லையே, எங்களுக்கு அந்தத் தடை எப்போதும் இருந்ததில்லை. நல்லது, பழைய தடையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்கிற ஆள் நான் இல்லை. நைட் அலவன்ஸ் பல வீடுகளில் பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ். தவிர அந்த முகமையின் 2019 அறிக்கை மார்பகத்தோடு ஆண்களின் புரோஸ்டேட் புற்றுநோயையும், இரு பாலருக்கும் வரும் குடல் புற்றுநோயையும் சேர்த்தே பேசுகிறது, ஆகவே பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஆணை அதே இரவில் நிறுத்துவது எந்த ஆரோக்கியக் கணக்கிலும் சேராது. என் வருத்தம், இந்த விவாதம் முழுக்க வண்டி, கேமரா, செக்யூரிட்டி என்பதோடு நின்றுவிடுகிறது. அவை வேண்டும்தான். டூட்டி லிஸ்ட்டை எப்படிப் போடுவது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கேட்டால் பதில் இருக்கிறது. டென்மார்க்கின் தொழில்நல ஆய்வாளர்கள் கொடுத்த பரிந்துரை எளிமையானது: தொடர்ந்து மூன்று இரவுக்கு மேல் வேண்டாம், ஒரு ஷிப்ட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே குறைந்தது 11 மணி நேரம், ஒரு இரவு ஷிப்ட் 9 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, கர்ப்பிணிகளுக்கு வாரத்துக்கு ஒரு இரவுக்கு மேல் கூடாது. இங்கே தனியார் ஆஸ்பத்திரிகளில் இரவு எட்டு மணிக்கு ஏறினால் காலை எட்டுக்கு இறங்குவது, அதையும் வாரம் முழுக்கத் தொடர்வது சாதாரணம், "ஆள் இல்லம்மா, இந்த ஒரு வாரம் பார்த்துக்கோ" என்றால் அது இரண்டு வாரமாகும். அந்த ஆள் பற்றாக்குறையை எந்த நர்ஸும் பத்து மணிக்குப் படுத்துச் சரிசெய்ய முடியாது.

குழுவில் கேட்ட பெண்ணுக்கு நான் எழுதிய பதில் சின்னது. வீட்டுக்குப் போனதும் ஜன்னலுக்குத் துணி கட்டி அறையை இருட்டாக்கித் தூங்கு, ராத்திரி இரண்டு மணிக்கு வயிறு முட்டச் சாப்பிடாதே, 30 வயது தாண்டிவிட்டால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகப் பரிசோதனை இலவசம், போய்ப் பார்த்துக்கொள், கட்டி கிட்டி தட்டுப்பட்டால் டூட்டி முடியட்டும் என்று காத்திருக்காதே. அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். மிச்சம் அவள் கையில் இல்லை.

உங்கள் கையில் கொஞ்சம் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் பேட்டி கொடுத்தவர் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையின் நிபுணர் என்று போட்டிருந்தீர்கள். அடுத்த முறை அவரைப் போன்றவர்களைச் சந்திக்கும்போது, உங்கள் நர்ஸ்கள் தொடர்ந்து எத்தனை இரவு பார்க்கிறார்கள், ஒரு இரவு எத்தனை மணி நேரம், கேஸ் ஷீட்டில் நைட் ஷிப்ட் வருடங்களை எழுதுகிறீர்களா என்று கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலை அப்படியே அச்சில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர்,
மதுரை.