அந்த நாயை அனுப்பச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் கணவர் காலமானபோது துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேர் கேட்டது, "இந்த நாயை இனிமே என்ன செய்யப் போறே?" என்றுதான். யாருக்காவது கொடுத்துவிடு, உன்னால் முடியாது என்றார்கள். அக்கறையில்தான் சொன்னார்கள். ஜிம்மி அவர் வளர்த்த நாய். தட்டில் போடுவது நான், வாலாட்டுவது அவரிடம்.

அவர் போன பிறகு ஜிம்மி தட்டைத் தொடவில்லை. சாயங்காலம் அவர் வண்டி வரும் நேரத்துக்குச் சரியாக கேட் பக்கம் போய் உட்காரும். தெருவில் அதே மாதிரி சத்தம் கேட்டால் காது நிமிரும். வண்டி தாண்டிப் போனதும் காது தொங்கிவிடும். பிள்ளைகளோ, நான் உடைந்துவிடுவேன் என்று பயந்து அப்பா பேச்சையே எடுக்க மாட்டார்கள். வீட்டில் அவரை ஒளிவுமறைவில்லாமல் தேடிய ஒரே ஜீவன் அதுதான். எனக்கு அது பெரிய துணையாக இருந்தது.

மற்றபடி நாய் ஆறுதலெல்லாம் சொல்லாது. ஆளைப் படுத்துக் கிடக்க விடாது, அவ்வளவுதான். விடிந்தும் விடியாமல் மூக்கால் கையை முட்டும். வெளியே கூட்டிப் போயே ஆக வேண்டும். முகத்தைக் கழுவி, சங்கிலியை எடுத்துக்கொண்டு இறங்கினால் நாலு பேர் கண்ணில் படத்தானே வேண்டும்? என்ன பேசுவது என்று தெரியாமல் என்னைக் கண்டதும் ஒதுங்கிப் போனவர்கள்கூட, நாயைச் சாக்கிட்டு நின்றார்கள். "ஜிம்மி இப்ப சாப்பிடுதா?" என்பார்கள். என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள் என்று புரியும்.

"அதுக்கு என்ன தெரியும், பாவம்" என்பவர்களும் உண்டு. 2012-இல் லண்டன் கோல்டுஸ்மித்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் செய்து பார்த்த ஒன்றை மகன் படித்துக் காட்டினான். பேசுகிறவர், மெட்டு முணுமுணுக்கிறவர், அழுவதுபோல் நடிக்கிறவர் என்று வைத்துப் பார்த்ததில், அழுகிறவரிடம்தான் நாய்கள் அதிகம் போயினவாம், அவர் முன்பின் தெரியாத ஆளாக இருந்தாலும். இதைப் பரிவு என்றே முடிவுகட்ட முடியாது என்று அவர்களே ஜாக்கிரதையாகச் சொல்கிறார்கள். சரி, இருக்கட்டும். ராத்திரி தனியாக அழுகிறவர்களுக்கு அந்த வித்தியாசம் பெரிதில்லை.

இதைப் படித்துவிட்டு, துக்கத்தில் இருப்பவர் வீட்டில் நாய்க்குட்டியைக் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். குட்டி தூங்கவிடாது, கண்டதைக் கடிக்கும், அடுத்தடுத்து தடுப்பூசி போட வேண்டும், பத்துப் பன்னிரண்டு வருஷப் பொறுப்பு. அவர்களாகக் கேட்டால் அப்புறம் பார்க்கலாம். அப்போதும் வளர்ந்த, நிதானமான நாயே நல்லது. நான் சொல்வது ஏற்கெனவே வீட்டில் இருக்கும் நாயைப் பற்றி. அதற்கும் ஆள் போயிருக்கிறது. அந்த நேரத்தில் இரண்டு பேரையும் பிரிக்காதீர்கள்.

உண்மையிலேயே உதவ நினைத்தால் வேலை நிறைய இருக்கிறது. ஜிம்மியின் தடுப்பூசி அட்டை எங்கே, காதுக்கு எந்த மருந்து என்பதெல்லாம் என் கணவருக்கு மட்டுமே தெரியும். என் கொழுந்தனார்தான் அதைக் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போய், பழைய பதிவைப் பார்த்து எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வாங்கி வந்தார். நாயை யாரிடம் கொடுக்கலாம் என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகி