விருது ஆறிப்போகலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சினிமா விருதுகள் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம், ‘அதெல்லாம் வேண்டியவர்களுக்குக் கொடுப்பது’ என்று எங்கள் ஊர்ப் பக்கம் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். மக்கள் மனதில் இந்த எண்ணம் சும்மா வந்துவிடவில்லை. விருதை வருஷக்கணக்கில் தாமதமாகக் கொடுப்பதும் அதன் மேல் மதிப்புப் போக ஒரு காரணம்.

‘வாகை சூட வா’ படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011-ல் வந்த படம். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதை 2012-லேயே வாங்கிவிட்டது. அதில் நடித்த விமலுக்குத் தமிழக அரசின் சிறந்த நடிகர் விருது 2017-ல்தான் அறிவிக்கப்பட்டது. கையில் கொடுத்தது 2022 செப்டம்பரில். 2009 முதல் 2014 வரை ஆறு ஆண்டு விருதுகளையும் ஒரே மேடையில் கொடுத்து முடித்தார்கள். அதற்குள் அந்தப் படங்கள் தியேட்டரை விட்டுப் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. விருது வாங்கிய படமாமே, போய்ப் பார்க்கலாம் என்று ஒருவர்கூடக் கிளம்ப வழியில்லை.

விருதுக்கு மதிப்பு எப்படி வரும் என்பதை நம் கோவையே காட்டியிருக்கிறது. பட்சிராஜா ஸ்டுடியோவின் ஸ்ரீராமுலு நாயுடு எடுத்த ‘மலைக்கள்ளன்’ 1954-ல் வந்தது. கதை நாமக்கல் கவிஞருடையது, வசனம் கலைஞர், நாயகன் எம்.ஜி.ஆர். தேசிய விருதுகளின் இரண்டாம் ஆண்டிலேயே குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் அதற்குக் கிடைத்தது. சினிமாக்காரர்களுக்குப் பெண் கொடுக்கத் தயங்கிய காலம் அது. அப்படிப்பட்ட தொழிலை நாடே மதிக்கிறது என்று அந்தப் பதக்கம் ஊருக்குச் சொன்னது.

இன்று அந்த இடத்தைப் பெரும்பாலும் தொலைக்காட்சி விழாக்கள் பிடித்துக்கொண்டன. அங்கே யார் நேரில் வருகிறார்கள் என்பதுதான் பெரிதாகத் தெரிகிறது. ஒலிப்பதிவு செய்தவரும் படத்தொகுப்பு செய்தவரும் கேமரா பக்கமே வருவதில்லை. அப்புறம் சினிமா என்றால் நாலு ஹீரோக்கள்தான் என்று பிள்ளைகள் நினைக்காமல் என்ன செய்வார்கள்?

மாநில விருதுகளை அடுத்த ஆண்டுக்குள்ளேயே கொடுத்துவிட வேண்டும். விழாவை ஒருமுறையாவது கோவையில் நடத்தலாம். தேர்வான படங்களை ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சி, கோபி தியேட்டர்களில் குறைந்த கட்டணத்தில் ஒரு வாரம் ஓட்ட அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். உங்கள் பத்திரிகையும் விருதுச் செய்தி போடும்போது, நடிகர் படத்தோடு நிறுத்தாமல் தொழில்நுட்பக் கலைஞர்களின் பெயர்களையும் முழுதாக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோபிசெட்டிபாளையம்