நூலகத் தட்டு ஒன்றுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

பண்டைய வரலாற்றுத் துறையில் நிரந்தரப் பேராசிரியர் பணிக்கான நியமன ஆணை நேற்று என் கைக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகள் எப்படிக் கழிந்தன என்பதை இதைப் படிக்கும் நீங்கள் அறிவீர்கள் என்பதால் அவற்றை விரிக்கவில்லை.

ஜெர்மனியில் முனைவர் பட்டத்துக்கு முன் 6 ஆண்டுகள், பின் 6 ஆண்டுகள் என்று தற்காலிகப் பணிக்குச் சட்டம் வகுத்த வரம்பு முடிந்தபோது, பேராசிரியர் தகுதிக்கான என் ஹாபிலிட்டேஷன் நூல் பாதியில் நின்றது. மாயின்ஸ் நகரில் கிடைத்த ரோமானியப் படைவீரர்களின் கல்லறைக் கல்வெட்டுகளைப் பற்றிய அந்நூல், லத்தீன் கல்வெட்டுப் பெருந்தொகுப்பின் 13ஆம் தொகுதி அருகில் இல்லாமல் ஒரு பக்கம்கூட நகராது. எங்கள் துறை நூலகமோ அதை வெளியே தருவதில்லை. ஒப்பந்தம் முடிந்தவருக்கு ஒதுக்கிய புத்தகத் தட்டைக் காலி செய்வதே அங்கு விதி. நூலகப் பொறுப்பாளரான அம்மையார் என் தட்டிலிருந்து ஆய்வுத் திட்ட எண்ணை மட்டும் கிழித்துவிட்டு, ‘பயன்பாட்டில் உள்ளது’ என்று எழுதி ஒட்டினார். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஆண்டுதோறும் பாரிசிலிருந்து வரும் புதிய கல்வெட்டுத் தொகுப்பில், மாயின்ஸ் அடங்கிய மேல் ஜெர்மானியா மாகாணப் பக்கங்களில் காகிதத் துண்டு செருகி அத்தட்டில் வைத்துவிடுவார். லத்தீன் அவர் படித்ததில்லை. யார் எதைத் தேடுகிறார்கள் என்பதை மட்டும் கவனித்து வைத்திருந்தார். பரிந்துரைக் கடிதங்கள் எழுதிய பேராசிரியர்களின் பெயர்கள் என் கோப்பில் உள்ளன. இவர் பெயருக்கு அதில் இடமில்லை என்பதாலேயே இம்மடலை எழுதுகிறேன்.

அரசியலில் ஈடுபட்டதற்காக 1851இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் பதவி இழந்த ரோமானிய வரலாற்றறிஞர் தியோடோர் மோம்சனைச் சுட்டிக்காட்டிச் சிலர் என்னைத் தேற்றினீர்கள். மறு ஆண்டே சூரிச்சும், 1854இல் பிரெஸ்லாவும், 1861இல் பெர்லினும் அவருக்குப் பேராசிரியர் பதவி தந்தன. அந்த ஒப்பீடு எனக்கு அப்போது ஆறுதலாக இல்லை என்றாலும், உங்கள் அன்பு புரிந்தது.

வரைவுகளைப் படித்துத் திருத்திய நண்பர்கள், தேய்ந்த எழுத்துகள் தெரியும்படி கற்களின்மேல் பக்கவாட்டில் ஒளி பாய்ச்சிக் காட்டிய அருங்காட்சியக ஊழியர்கள், கற்பிக்கும் உரிமையைக் காத்துக்கொள்ளப் பிரிவாட்டோட்சென்டாக (நிரந்தரப் பதவியின்றிக் கற்பிக்கும் தகுதி மட்டும் உள்ள விரிவுரையாளராக) நான் ஊதியமின்றி நடத்திய வகுப்புகளுக்குத் தவறாமல் வந்த மாணவர்கள், வீட்டு வாடகையைப் பற்றி ஒருமுறையும் வாய் திறவாத என் துணைவர் ஆகிய அனைவருக்கும் கடமைப்பட்டுள்ளேன்.

குளிர்காலப் பருவத்தில் நான் பொறுப்பேற்கும் துறையில், ஒப்பந்தம் முடிந்த ஆய்வாளர்களுக்கென ஒரு தட்டு இருக்கும். அதற்கான கோரிக்கையை அந்நூலகத்துக்கு இன்று காலை அனுப்பியிருக்கிறேன். மறுத்தால் மீண்டும் அனுப்புவேன்.

நன்றியுடன்,
உங்கள் முன்னாள் சக ஆய்வாளர்