மூன்று விரல் நுழைகிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கட்டியின் இறுக்கமும் அழுத்தமும் புற்றுநோயை எப்படி வளர்த்துவிடுகின்றன என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மரபணு, புகை, ரசாயனம் என்றே கேட்டுப் பழகிய நமக்கு, இழுவிசைக்கும் இதில் பங்கு உண்டு என்பது புதிய செய்திதான். நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் மார்பகம், கணையம், கல்லீரல் என்று வரிசையாகச் சொன்னவர்கள் வாயை விட்டுவிட்டார்கள். எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்து வாசகர்களுக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டியது அதைத்தான்.

காரைக்குடிப் பக்கம் ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளராகப் பல வருடம் வேலை பார்த்தவள் நான். சொத்தைப் பல்லைக் காட்ட வந்து, கருவியை உள்ளே விடும் அளவுக்குக்கூட வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கேட்டால், "இப்பல்லாம் காரம் ஆகலம்மா, எரியுது, வயசாச்சுல்ல" என்பார்கள். வெள்ளைப் பணியாரத்தைக்கூடப் பிய்த்துப் பிய்த்துத்தான் சாப்பிடுகிறேன் என்று சொன்ன ஆச்சிமார் உண்டு. டாக்டர் உள்கன்னத்தைத் தடவிப் பார்த்தால் வெளுத்துப் போய், நார் நாராக விறைத்திருக்கும். வயதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பாக்குதான் காரணம். வயதானவர்கள் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை, பள்ளிக்கூடத்தை விட்டு வந்து சில வருடமே ஆன பையன்களும் அப்படி வந்தார்கள். அதை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

இந்த வாய் இறுக்க நோயைக் கிழக்கு ஆப்பிரிக்காவில் குடியிருந்த இந்தியப் பெண்களிடம் கண்டு 1952-லேயே எழுதிவைத்திருக்கிறார்கள். புற்றுநோய்க்கு முந்தைய நிலைகளில் ஒன்றாக மருத்துவர்கள் இதைச் சொல்கிறார்கள். வந்த எல்லாருக்கும் புற்றாவதில்லை, நூற்றில் சிலருக்கு ஆகிறது.

உங்கள் கட்டுரையோடு இது சேரும் இடத்தையும் சொல்கிறேன். உடலில் செல்களைச் சுற்றி கொலாஜன் என்ற புரத இழைகள் இருக்கின்றன. லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதி, தொய்ந்த கயிற்றுக் கட்டிலை இழுத்து முடிச்சுப் போடுவது போல, இந்த இழைகளைக் குறுக்கே பிணைத்து விறைப்பாக்கும். சுற்றுப்புறம் விறைத்ததும் செல்கள் அதைப் பற்றிக்கொண்டு பலமாக இழுக்கின்றன. அந்த இழுவை உள்ளே உட்கரு வரை போகிறது. யாப் என்ற புரதம் உட்கருவுக்குள் நுழைந்து, பெருகச் சொல்லும் மரபணுக்களைத் தட்டி எழுப்புகிறது. அமெரிக்காவில் வாலரி வீவர் குழுவினர் 2009-ல் எலிகளுக்கு இந்த நொதியைத் தடுத்துப் பார்த்தபோது மார்பகக் கட்டிகள் முற்றுவது குறைந்தது. அப்படியென்றால் கட்டி கெட்டியாக இருப்பது நோயின் அடையாளம் மட்டுமில்லை, அந்தக் கெட்டித்தன்மையே நோயை முடுக்கிவிடுகிறது.

பாக்கில் தாமிரம் அதிகம். லைசில் ஆக்சிடேஸ் நொதி வேலை செய்யத் தாமிரம் வேண்டும். போதாததற்குப் பாக்கிலுள்ள அரிகோலின் என்ற வேதிப்பொருள் கொலாஜன் சுரப்பதையும் கூட்டிவிடுகிறது. மார்பகக் கட்டியை இறுக்கும் அதே நொதிதான் பாக்கு மெல்லுபவர் கன்னத்தையும் இறுக்குகிறது! விறைப்பு ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்தான். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கைக்கூட உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வெளியிட்ட அறிக்கையில், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் வகையில் வைத்துவிட்டது. "நான் புகையிலை போடுறதில்லை, வெறும் சீவல்தான்" என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். குட்காவுக்குத் தமிழ்நாட்டில் 2013-லேயே தடை வந்தது, சரி. வாசனைப் பாக்குப் பொட்டலம் இன்னும் பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்குகிறது. சின்னப் பிள்ளை போய்க் கேட்டாலும் கிழித்துக் கொடுக்கிறார்கள்.

இறுகிய கன்னம் பழையபடி முழுசாக இளகுவது அரிது. ஊசி, பயிற்சி, அறுவை சிகிச்சை எல்லாம் இருந்தாலும், பாக்கை நிறுத்தாவிட்டால் எதுவும் பலன் தராது. ஆரம்பத்திலேயே கண்டுகொள்வது கஷ்டமும் இல்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே நிறுத்திவைத்துப் பாருங்கள். உங்கள் வாய்க்கு உங்கள் விரல். இரண்டு விரலோடு நின்றால், காரம் பட்டால் எரிந்தால், ஆறாத வெள்ளைத் திட்டோ புண்ணோ தெரிந்தால் பல் மருத்துவரிடம் போய்விடுங்கள். வலி இல்லையே என்று காத்திருக்க வேண்டாம்.

தாம்பூலத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் வெற்றிலை பாக்கு வைக்காமல் எதுவும் நடக்காது. மரியாதைக்குக் கொட்டைப்பாக்கு தட்டில் இருந்துவிட்டுப் போகட்டும். சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் சீவலைக் கிண்ணத்தில் போட்டு நீட்டுகிறோமே, அந்த இடத்தில் சோம்பும் கற்கண்டும் வைக்கலாம். பெரியவர்கள் மெல்லுவதைப் பார்த்துத்தான் பிள்ளைகளும் கை வைக்கிறார்கள்.

உங்கள் இதழ் இங்கே வீட்டுக்கு வீடு வருகிறது. அந்த மூன்று விரல் சோதனையை மட்டும் படத்தோடு, கட்டம் கட்டி, தை மாதக் கல்யாணங்கள் தொடங்கும் முன் ஓர் இதழில் போடுங்கள். வெற்றிலைப் பெட்டி இருக்கும் வீடுகளில் அதைக் கிழித்து ஒட்டிவைக்க நானே ஆள் சேர்க்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோட்டையூர்.