தரையில் உட்காராத பொங்கல் பானை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மும்பை தாராவியில் 20 ஆண்டுகளுக்கும் மேலாக அச்சக வடிவமைப்பாளராக வேலை செய்பவன் என்ற முறையில், கணினி வரைகலை கற்கத் தொடங்கும் நம் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

கடந்த பொங்கலுக்கு 90 அடிச் சாலையில் கட்டியிருந்த ஒரு விழாப் பதாகையில், பொங்கல் பானை தரையிலிருந்து ஒரு சாண் மேலே மிதந்துகொண்டிருந்தது. பானையின் மேல் இடப்பக்கத்திலிருந்து வெயில் அடிக்க, அருகில் நின்ற பெண்ணின் முகத்தில் வலப்பக்கத்து வெயில். அவர் கூந்தலைச் சுற்றி, பழைய படத்தின் வெள்ளைப் பின்னணி நூல் போல ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் செய்தவர் எங்கள் தெருப் பையன்தான் என்று பிறகு தெரிந்தது. மூன்று மாத மாலை வகுப்பில் ஃபோட்டோஷாப் படித்தவர். எந்தக் கருவி எந்த மெனுவில் இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். "நிழல் போடவில்லையா தம்பி?" என்று கேட்டதற்கு, "ட்ராப் ஷேடோ போட்டிருக்கேனே அண்ணாச்சி" என்றார்.

கோளாறு அங்கேதான் இருக்கிறது. ட்ராப் ஷேடோ என்பது சுவரில் ஒட்டிய காகிதத்துக்கு விழும் நிழல். தரையில் வைத்த பானையின் நிழலோ அடியில் தொடங்கித் தரையோடு படுத்துப் போக வேண்டும். அவரையே உட்காரவைத்து, பானைக்குக் கீழே புதிய லேயர் (படத்தில் கண்ணாடித் தாள் போல ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்கு) ஒன்றைத் திறந்து, அதை மல்டிப்ளை முறையில் வைத்து, தனிக் கறுப்பை விட்டுவிட்டு அந்த மண் தரையின் இருண்ட பழுப்பையே எடுத்து, பானை தரையைத் தொடும் இடத்தில் அடர்த்தியாகவும் விலக விலக மங்கலாகவும் தீட்டச் சொன்னேன். மல்டிப்ளை செய்வது வெறும் பெருக்கல்தான்: மேல் லேயரிலும் கீழ் லேயரிலும் உள்ள நிற மதிப்புகளை (கறுப்பு 0, வெள்ளை 255) பெருக்கி 255-ஆல் வகுக்கிறது. ஆகவே 128-இன் மேல் 128 விழுந்தால் ஏறத்தாழ 64 ஆகி இருள்கிறது. வெள்ளையான 255 எதையும் மாற்றுவதில்லை. மண்ணின் சொரசொரப்பு நிழலுக்குள்ளும் தெரிவதற்கு இதுவே காரணம். கூந்தல் ஓரத்தை ரப்பரால் அழித்திருந்தார், அழித்தது போனதுதான். அழிக்காமலே மறைத்துவைக்கும் லேயர் மாஸ்க்கில் மறைத்திருந்தால், வேண்டியபோது மீட்டு இன்னொரு முறை திருத்தியிருக்கலாம். பிறகு எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கறுப்பு லேயரைக் கலர் முறையில் (கீழே உள்ள படத்தின் வெளிச்சத்தை விட்டுவிட்டு நிறத்தை மட்டும் மாற்றும் முறை) வைத்தோம். படம் கறுப்பு வெள்ளையாக மாறியதும், பானை மட்டும் சுற்றுப்புறத்தைவிட வெளிறியிருப்பது அவர் கண்ணிலேயே பட்டது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கர்வ்ஸ் கருவியில் அதைச் சற்று இறக்கினார். வெயிலை ஒரே பக்கமாக்கப் பானையை இடவலமாகத் திருப்பினால் போதுமானதாக இருந்தது. அரை மணி நேரத்தில் பானை தரையில் உட்கார்ந்தது.

படங்களை அடுக்கும் ஒழுங்கிலும் குறை உண்டு. படங்கள் எல்லாம் ஒரே கண்மட்டத்தில் எடுத்தவையா என்று பார்ப்பதில்லை; எழுத்துக்கு இடம் விடாமல் முகங்களை நிரப்பிவிட்டு, அழைப்பு வாசகத்தைக் கடைசியில் முகங்களின் மேலேயே ஏற்றுகிறார்கள். (யார் முகம் பெரிதாக இருக்க வேண்டும் என்ற சண்டையை எந்த மென்பொருளாலும் தீர்க்க முடியாது, அதில் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன்.)

கருவி போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஃபோட்டோஷாப்பில் லேயர் வசதி வந்ததே 1994-இல்தான். ஆனால் 1857-இலேயே ஆஸ்கர் ரைலேண்டர் என்ற புகைப்படக் கலைஞர் 30-க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை இணைத்து ஒரே படமாக அச்சிட்டுக் காட்டியிருக்கிறார். இன்று கிம்ப் போன்ற இலவச மென்பொருளிலேயே நான் மேலே சொன்ன அத்தனையையும் செய்யலாம். வகுப்புகளில் நடப்பதோ மெனுவை மேலிருந்து கீழாக ஒப்பிப்பது.

ஆகவே, கோடை விடுமுறையில் கணினிப் பயிற்சி நடத்தும் மும்பைத் தமிழ் அமைப்புகளுக்குத் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். முதல் நாள் கணினியைத் திறக்காமல், ஒரு பித்தளைச் சொம்பைச் சன்னலோரம் வைத்து, காலை 8 மணிக்கும் மாலை 4 மணிக்கும் மாணவர்கள் தங்கள் கைப்பேசியிலேயே அதைப் படம் எடுக்கட்டும். நிழல் எந்தப் பக்கம் விழுந்தது, எங்கே கூர்மையாக இருந்தது, என்ன நிறத்தில் இருந்தது என்று நோட்டில் எழுதிய பிறகு, மறுநாள் லேயரைப் பற்றிச் சொல்லிக்கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தாராவி, மும்பை.