சாட்சியத்தை நிறுத்திவைத்தால் யாருக்கு லாபம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க மருத்துவக் காப்பீட்டு மோசடி வழக்குகளைப் பற்றிய தங்கள் கட்டுரை, முறைகேட்டை அம்பலப்படுத்துவோருக்குக் கிடைக்கும் பங்குத் தொகையை விரிவாகச் சொன்னது. அவ்வழக்குகள் எந்த இடத்தில் முடங்குகின்றன என்பதையும், நோய், சிகிச்சை விவரங்களைக் குறியீடுகளாக மாற்றும் மெடிக்கல் கோடிங் தொழிலில் சென்னையில் இருப்பவன் என்ற முறையில், சொல்ல விரும்புகிறேன்.

1863-இல் லிங்கன் காலத்தில் இயற்றப்பட்ட பொய்க் கோரிக்கைச் சட்டம், அரசுப் பணத்தை ஏமாற்றிப் பெற்றவர்கள் மீது தனிநபரும் அரசின் சார்பில் வழக்குத் தொடர வழிசெய்கிறது. ஆனால் அரசின் மருத்துவக் காப்பீட்டைத் தனியார் நிறுவனங்கள் வழியே தரும் மெடிக்கேர் அட்வான்டேஜ் திட்டத்தில் நோய்க் குறியீடுகளை மிகைப்படுத்தியதாக மருத்துவர் கிளாரிசா ஜஃபிரோவ் 2019-இல் தொடுத்த வழக்கை, புளோரிடா மத்திய மாவட்ட நீதிபதி கேத்ரின் மிசெல் 2024 செப்டம்பர் 30 அன்று தள்ளுபடி செய்தார். தனிநபர் இவ்வாறு வழக்கு நடத்துவதே அரசியலமைப்புக்கு முரண் என்பது அவர் முடிவு. அது மேல்முறையீட்டுக்குப் போனதும், அந்தக் கேள்வி தீரும்வரை தங்களிடம் ஆவணம் கேட்கக் கூடாது என்று பிற வழக்குகளின் பிரதிவாதிகளும் வாதிடத் தொடங்கினர்.

சாட்சியம் திரட்டுவது பெருஞ்செலவு பிடிக்கும் வேலை என்பதை மறுக்கவில்லை. இதே சட்டத்தின்கீழ் வந்த பொலான்ஸ்கி வழக்கில் அரசே அந்தச் சுமையைக் காரணம் காட்டி வழக்கைக் கைவிடக் கேட்டது. 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 8-க்கு 1 என்ற கணக்கில் அதற்கு இடம் கொடுத்தது. ஆனால் தன் புலனாய்வு கெடும் என்று சாட்சியம் திரட்டுவதற்கு அரசு தடை கோரினால், அதற்கான காரணத்தை நீதிபதியிடம் தனியே நிரூபித்தாக வேண்டும். கிடைப்பதும் 60 நாள்தான், நீட்டிக்க வேண்டுமானால் மறுபடியும் காரணம் காட்ட வேண்டும். மேல்முறையீடு முடியும்வரை எனப் பிரதிவாதி கேட்கும் தடைக்கோ தேதியே கிடையாது.

எங்கள் தொழிலில் பிழை எப்படி நுழைகிறது என்று பார்த்தால் இதன் ஆபத்து புரியும். பல ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து தேறிய ஒருவர் சாதாரணப் பரிசோதனைக்கு வருகிறார். அவருடைய சார்ட்டில், அதாவது மருத்துவப் பதிவேட்டில், அது பழைய நோயாகப் பதியாமல் இப்போது வந்த பக்கவாதமாகப் பதிந்தால், காப்பீட்டு நிறுவனத்துக்கு அரசு தரும் தொகை கூடிவிடும். அது கைத்தவறா, மேலிடத்து உத்தரவா என்பதை சார்ட் சொல்லாது. அந்தக் குறியீட்டை யார், எந்த நேரத்தில் சேர்த்தார், அதற்கு முன் மருத்துவருக்கு என்ன கேள்வி அனுப்பப்பட்டது, குழுத் தலைவர் என்ன இலக்கு வைத்தார் என்பவைதான் சொல்லும். ஆட்கள் அடிக்கடி வேலை மாறும் தொழில் இது. ஒப்பந்தம் முடிந்தால் நிறுவனமே மாறிவிடும்.

ஆவணங்களை அழிக்காமல் காக்கும் கடமை பிரதிவாதிக்குத் தடைக்காலத்திலும் உண்டு என்பார்கள். உண்மைதான். ஆனால் வழக்கில் சேர்க்கப்படாத ஒப்பந்த நிறுவனங்களுக்கும் விலகிப்போன ஊழியர்களுக்கும் பொதுவாக சம்மன் வந்த பிறகுதான் அந்தப் பொறுப்பு ஏற்படுகிறது. தடை இருக்கும்வரை அந்த சம்மனே போகாது. (குறியீட்டு வேலையில் கணிசமான பகுதி இந்தியாவில் நடப்பதால் இது இன்னும் சிக்கல்.)

ஆகவே, நிறுத்திவைத்தே தீர வேண்டும் என்று ஒரு நீதிமன்றம் கருதினால், எந்த ஆவணம் யாரிடம் இருக்கிறது என்ற பட்டியலைப் பிரதிவாதியிடம் முதலில் வாங்கிக்கொண்டு, வெளி நிறுவனங்களுக்கு ஆவணப் பாதுகாப்பு ஆணை அனுப்பவும், வயது முதிர்ந்த அல்லது பணியிலிருந்து விலகவிருக்கும் சாட்சிகளின் வாக்குமூலத்தைப் பதியவும் அனுமதித்துவிட்டு, அதன்பின் தடை வழங்கலாம்.

இப்படிக்கு,
மெடிக்கல் கோடிங் ஊழியர் ஒருவர்,
சென்னை