கணவர் சொன்னால் போதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் அமெரிக்கப் பெண்கள் ஓட்டுரிமை பெற்ற கதையைச் சொல்லும் கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். 1848-இல் நியூயார்க் மாநிலத்தின் செனகா ஃபால்ஸ் ஊரில் நடந்த பெண்ணுரிமைக் கூட்டத்தில் தொடங்கி, 1920-இல் வந்த அரசியல் சாசனத் திருத்தத்தோடு முடித்திருந்தார் கட்டுரையாளர். நன்றாகவே எழுதியிருந்தார். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கப் பெண்ணுக்கு இருந்த ஒரே குறை ஓட்டுப் போட முடியாததுதான் என்று இளம் வாசகர்கள் எடுத்துக்கொண்டு விடுவார்களோ என்று மனசு அடித்துக்கொண்டது. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கூட்டத்தில் 68 பெண்களும் 32 ஆண்களும் கையெழுத்துப் போட்ட அறிக்கையில் ஓட்டு பற்றிய புகார் முதலில் வருகிறது, சரி. அதற்கு அடுத்தடுத்து வருவதைப் படித்துப் பாருங்கள். ஆண் மணமான பெண்ணைச் சட்டத்தின் கண்ணுக்குச் செத்தவளாக்கி வைத்திருக்கிறான், அவள் சம்பாதிக்கும் கூலி உட்பட எல்லாச் சொத்துரிமையையும் பறித்துக்கொண்டான் என்று போகிறது பட்டியல். கோபத்தில் கூட்டி எழுதியதுபோலத் தோன்றும், ஆனால் அன்றைய சட்டமே அப்படித்தான் இருந்தது. இங்கிலாந்திலிருந்து குடியேறியவர்கள் கையோடு கொண்டுவந்த பொதுச் சட்டப்படி கல்யாணம் ஆன நாளிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் ஒரே ஆள், அந்த ஆள் புருஷன். அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த பணம் அவனுக்கு, அவள் தனியாகப் போட்ட ஒப்பந்தம் செல்லாது, தன் பெயரில் வழக்குப் போட முடியாது, பிரிந்து போனால் பிள்ளைகள் பெரும்பாலும் அப்பாவுக்கு.

செனகா ஃபால்ஸில் கையெழுத்துப் போட்டவர்களில் சார்லட் உட்வர்ட் என்று ஓர் இளம்பெண் உண்டு. வீட்டில் உட்கார்ந்து கையுறை தைத்துக் கொடுப்பது அவர் வேலை. பகலெல்லாம் தைத்தாலும் அந்தச் சொற்பக் கூலி தனக்கென்று ஆகப்போவதில்லை என்ற ஆத்திரம் உள்ளுக்குள் இருந்துகொண்டே இருந்ததைப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1920-இல் ஓட்டுரிமை வந்தபோது கையெழுத்திட்ட பெண்களில் உயிரோடு இருந்தவர் அவர் ஒருவர்தான். அப்போது உடம்பு முடியாத கிழவி. ஓட்டுப் போடப் போக முடியவில்லை.

கட்டுரையில் ஒரு வரியாவது வந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கும் பெயர் எலிசபெத் பேக்கார்ட். தலைவர்கள் பட்டியலில் இவர் பெயர் அவ்வளவாக வருவதில்லை. இல்லினாய் மாநிலத்தில் மான்டினோ என்ற சிற்றூரில் பாதிரியார் மனைவி, ஆறு பிள்ளைகளுக்குத் தாய், நாற்பதைத் தாண்டிய வயது. மனிதன் பிறக்கும்போதே முழுப் பாவியாகப் பிறக்கிறான் என்ற கணவரின் போதனை அவருக்கு ஒப்பவில்லை. அதை பைபிள் வகுப்பில் வாய்விட்டுச் சொன்னார். அவ்வளவுதான், அவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று கணவர் முடிவு கட்டிவிட்டார். 1860 ஜூனில் ஒரு நாள் காலையில் இரண்டு டாக்டர்கள் வந்து நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பைத்தியம் என்று சொல்லிவிட்டுப் போனதாகவும், தான் கதவைத் திறக்காததால் கணவர் கோடாலியால் ஜன்னலை உடைத்து உள்ளே வந்ததாகவும் அவரே எழுதியிருக்கிறார். நடந்து வர மாட்டேன் என்று சொன்னவரைத் தூக்கிக்கொண்டுபோய் ரயிலேற்றினார்கள். கடைசிக் குழந்தைக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை.

ஊர்க்காரர்கள் தடுக்கவில்லையா, கோர்ட்டு இல்லையா என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அங்கேதான் சட்டம் வந்து நிற்கிறது. வேறு யாரையாவது மனநோய் மருத்துவமனையில் சேர்ப்பதானால் அவர் பைத்தியம் என்பதற்குச் சாட்சியம் வேண்டும். மனைவியையும் மைனர் பிள்ளைகளையும் சேர்க்க அது தேவையில்லை, கணவரோ காப்பாளரோ கேட்டுக்கொண்டு, மருத்துவமனைக் கண்காணிப்பாளர் ஆமோதித்தால் போதும் என்று 1851-இல் இல்லினாய் சட்டமே போட்டு வைத்திருந்தது. ஜாக்சன்வில்லில் இருந்த அரசு மருத்துவமனையில் எலிசபெத் மூன்று வருஷம் இருந்தார். கண்காணிப்பாளரைக் கண்டித்து அவருக்கே கடிதம் எழுதினார் என்பதற்காக முரட்டு நோயாளிகளின் வார்டில் போட்டுவிட்டார்கள்.

1863-இல் வெளியே விட்டார்கள். வீட்டுக்குத் திரும்பினால் கணவர் அவரை ஓர் அறையில் வைத்துப் பூட்டி, ஜன்னல்களை ஆணியடித்து மூடினார். மாசசூசெட்ஸில் வேறொரு மருத்துவமனையில் சேர்க்கவும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. எலிசபெத் ஒரு கடிதம் எழுதி ஜன்னல் வழியாக வெளியே போட்டார். அது சிநேகிதி ஒருவர் கைக்குப் போய், அங்கிருந்து நீதிபதிக்குப் போனது. மனைவியை ஆஸ்பத்திரியில் அடைத்து வைக்கத்தான் சட்டம் இடம் கொடுத்திருந்தது, சொந்த வீட்டில் பூட்டி வைக்க இடம் கொடுக்கவில்லை! அந்தச் சின்ன இடைவெளி ஒன்றுதான் அவரைக் காப்பாற்றியது. 1864 ஜனவரியில் கான்ககி ஊர் நீதிமன்றத்தில் விசாரணை. இந்தப் பெண்ணுக்குப் பைத்தியம்தான் என்பதற்கான காரணங்களை ஒரு டாக்டர் எழுதி எடுத்துவந்து வாசித்தார். தன்னைப் பைத்தியம் என்று சொல்வது அவருக்குப் பிடிக்கவில்லை என்பதும் அந்தக் காரணங்களில் ஒன்று. இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒத்துக்கொண்டாலும் பைத்தியம், மறுத்தாலும் பைத்தியம் என்றால் ஒரு மனுஷி என்னதான் பேசுவாள்?

ஜூரிகள் ஏழே நிமிஷத்தில் அவர் தெளிவான புத்தியுள்ளவர் என்று தீர்ப்புச் சொன்னார்கள். சந்தோஷமாக வீட்டுக்குப் போனால் அங்கே வேறு யாரோ குடியிருக்கிறார்கள். கணவர் வீட்டை வாடகைக்கு விட்டு, சாமான்களை விற்று, பணத்தையும் எலிசபெத்தின் உடுப்புகளையும் பிள்ளைகளையும் எடுத்துக்கொண்டு மாசசூசெட்ஸுக்குப் போய்விட்டார். இதில் ஒன்றுகூடச் சட்டப்படி திருட்டு ஆகாது. வீடு அவருடையது, சாமான் அவருடையது, பிள்ளைகளும் அவருடையவர்கள்.

அப்புறம் அந்த அம்மா செய்ததுதான் பெரிய காரியம். கையில் காசு இல்லை. தன் அனுபவத்தைப் புத்தகமாக எழுதப் போகிறேன் என்று சொல்லி முன்கூட்டியே சீட்டு விற்று, அந்தப் பணத்தில் அச்சடித்து, ஊர் ஊராகப் போய்த் தானே விற்றார். சட்டமன்றங்களின் படியேறி உறுப்பினர்களிடம் வாதாடினார். ஜூரி விசாரணை இல்லாமல் யாரையும் மனநோய் மருத்துவமனையில் அடைக்கக் கூடாது என்று 1867-இல் இல்லினாய் சட்டம் கொண்டுவந்ததற்கு இவருடைய அலைச்சல்தான் காரணம். மைனர் பிள்ளைகள் 1869-இல்தான் அவர் வசம் வந்தார்கள். குழந்தையாக விட்டுப் போன கடைசிப் பிள்ளைக்கு அப்போது பத்து வயது இருக்கும். 1897-இல் அவர் இறந்தபோது எந்தத் தேர்தலிலும் ஓட்டுப் போட்டிருக்கவில்லை. ஓட்டு இல்லாமலேயே சட்டத்தை மாற்றிய ஒருவரை ஓட்டுரிமைக் கட்டுரை விட்டுவிட்டதே என்பதுதான் என் ஆதங்கம்.

அவருக்கு வாய்த்த கணவர் அப்படி என்று சிலர் சொல்லலாம். எல்லா வீட்டிலும் அப்படி நடந்திருக்காது, உண்மைதான். நல்ல கணவர்கள் ஏராளமாக இருந்திருப்பார்கள். ஆனால் கணவர் நல்லவராக அமைவது ஒன்றைத் தவிர மனைவிக்கு வேறு பாதுகாப்பே இல்லை என்பதுதான் அந்தச் சட்டத்தின் கொடுமை. 1868-இல் வட கரோலினா உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், விரல் தடிமனுள்ள குச்சியால் மனைவியை மூன்று அடி அடித்தவனைத் தண்டிக்க மறுத்துவிட்டார்கள். வீட்டு விஷயத்தில் அற்பக் காரணத்துக்காகக் கோர்ட்டு தலையிடாதாம். குடித்துவிட்டு வந்து அடிக்கிறவன், அவள் கூலியையும் சேர்த்துச் சாராயக் கடையில் கொடுத்தால் கேட்க ஆளில்லை. 1873-74-இல் ஒஹாயோ ஊர்களில் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சாராயக் கடை வாசலில் முழந்தாளிட்டு ஜெபம் செய்த கதையைப் பலரும் மதப் பித்து என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது தவறு. வயிற்றுப் பிழைப்புக்காக உட்கார்ந்தவர்கள் அதில் எத்தனை பேரோ. அதே 1873-இல்தான் கருத்தடைச் சாதனங்களையும் அது பற்றிய தகவலையும் தபாலில் அனுப்புவது ஆபாசக் குற்றம் என்று மத்திய அரசு சட்டம் போட்டது.

இதுவரை சொன்னதெல்லாம் வெள்ளைக்காரப் பெண்களின் கதை. அடிமைப் பெண்களைப் பற்றிக் கட்டுரையில் இரண்டு வரிதான் இருந்தது. மனைவியின் சொத்துரிமைச் சட்டம் ஆரம்ப காலத்திலேயே, 1839-இல், மிசிசிப்பியில் வந்தது என்று பெருமையாகக் குறிப்பிட்டிருக்கிறார்கள். அந்தச் சட்டத்தில் உள்ள பிரிவுகளில் பெரும்பாலானவை அடிமைகளைப் பற்றியவை. புருஷன் கடன்பட்டால் மனைவியின் அடிமைகளைக் கடன்காரன் கொண்டுபோகக் கூடாது என்பதுதான் அதன் சாரம். ஒரு பெண்ணுக்குக் கிடைத்த உரிமை, இன்னொரு பெண்ணைத் தன் பெயரில் வைத்துக்கொள்ளும் உரிமையாக இருந்திருக்கிறது!

மிசௌரி மாநிலத்தில் சீலியா என்ற பெண்ணை 1850-இல் ஒரு பண்ணைக்காரன் விலைக்கு வாங்கினான். அவளுக்கு வயது சுமார் 14. வாங்கி வீட்டுக்குக் கொண்டுவரும் வழியிலேயே பலாத்காரம் செய்தான். ஐந்து வருஷம் அது நடந்தது, குழந்தைகளும் பிறந்தன. 1855 ஜூனில், மறுபடி கர்ப்பமாக, உடம்புக்கு முடியாமல் இருந்தபோது, வராதே என்று சொல்லியும் வந்தவனைக் கட்டையால் அடித்துக் கொன்றுவிட்டாள். எந்தப் பெண்ணையும் அவள் விருப்பத்துக்கு மாறாகக் கெடுப்பது குற்றம் என்று மிசௌரி சட்டம் சொல்கிறதே, இவளும் பெண்தானே, தற்காப்புக்காகச் செய்தது என்று அவளுக்காக வாதாடிய வக்கீல்கள் கேட்டார்கள். நீதிபதி அதை ஜூரிகளிடம் சொல்லவே மறுத்துவிட்டார். வெள்ளைக்காரர் சம்பந்தப்பட்ட வழக்கு என்பதால் அவள் சாட்சிக் கூண்டில் ஏறவும் முடியவில்லை. சிறையில் பிள்ளை இறந்து பிறந்தது. டிசம்பர் 21-இல் தூக்கிலிட்டார்கள்.

ஆசிரியர் அவர்களே, எனக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரையின் தொடர்ச்சியாக எலிசபெத் பேக்கார்ட் வழக்கையும் சீலியா வழக்கையும் விவரமாக வெளியிடுங்கள். இரண்டுக்கும் நீதிமன்றப் பதிவுகள் இருக்கின்றன, கற்பனை சேர்க்க வேண்டிய அவசியமே இல்லை. எட்டுப் பக்கம் போனாலும் பரவாயில்லை, படிக்க ஆட்கள் இருக்கிறோம். வட கரோலினாவில் ஏழு வருஷம் பாட்டி வீட்டுப் பரணில் ஒளிந்திருந்து தப்பித்து, 1861-இல் தன் கதையைத் தானே எழுதிய ஹேரியட் ஜேக்கப்ஸைப் பற்றியும் முடிந்தால் ஓர் இதழில் எழுதச் சொல்லுங்கள். என் பெண் கல்லூரியில் அமெரிக்க வரலாறு படிக்கிறாள், அவள் பாடத்தில் இந்த மூன்று பேருமே இல்லை.

அன்புடன்,
ஒரு வாசகி,
திருநெல்வேலி